சோற்றைக் கடைசியில் தொடுங்கள்: தோட்டத்து ஊரில் சத்தான சாப்பாட்டுக்கு மாறும் முறை

உணவை மாற்ற நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கை வைப்பது சோற்றில்தான். திங்கட்கிழமை சோற்றை நிறுத்துவார்கள். வியாழக்கிழமை காலையில் ஒட்டுக்கடையில் இரண்டு ரொட்டி சானாய் (மைதாப் பரோட்டா), ஒரு தே தாரேக் (கெட்டிப்பால் தேநீர்) என்று உட்கார்ந்திருப்பார்கள். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இதை நான் அலுக்க அலுக்கப் பார்த்துவிட்டேன். வரிசை தவறினால் எவ்வளவு வைராக்கியம் இருந்தாலும் அது ஒரு வாரத்தைத் தாண்டுவதில்லை.

கீழே உள்ள வரிசையில் சோறு ஆறாவதாகத்தான் வரும். ஒரு படி பழகிய பிறகே அடுத்ததற்குப் போங்கள்.

1. தொடங்கும் முன்

முதலில் அரசாங்க கிளினிக்கில் இரத்தச் சர்க்கரை, இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், சிறுநீரகம் நான்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, மலேசிய இந்தியப் பெரியவர்களில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் காட்டியது. தனக்கு இருப்பதை அறியாதவர்களும் இந்தக் கணக்கில் இருக்கிறார்கள். பரிசோதிக்காமல் தொடங்கினால், பின்னால் மாற்றம் தெரிந்ததா இல்லையா என்று ஒப்பிட எதுவும் இருக்காது.

மருந்து சாப்பிடுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போகாதீர்கள். இன்சுலின் போடுகிறவரோ கிளிக்லசைட் போன்ற மாத்திரை எடுப்பவரோ திடீரென்று சோற்றைக் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். கை நடுக்கம், வியர்வை, தலைசுற்றல் எல்லாம் அதன் அறிகுறிகள். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்குக் கீரையும் பருப்பும் அளவோடுதான். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. உணவை மாற்றப்போவதாக மருத்துவரிடமோ உணவியல் அதிகாரியிடமோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பிறகு மூன்று நாள் சாப்பாட்டை ஒரு நோட்டில் எழுதுங்கள். அவற்றில் ஒன்று விடுமுறை நாளாக இருக்கட்டும். என்ன சாப்பிட்டீர்கள் என்பதோடு எத்தனை மணிக்கு என்பதையும் குறியுங்கள். பால்மரம் வெட்டப் போகிறவரின் பசியும் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் பார்ப்பவரின் பசியும் ஒரே நேரத்தில் வருவதில்லை. நேரம் தெரியாமல் போடும் திட்டம் பத்திரிகையில் வரும் திட்டத்தைப் போலவே யாருக்கும் பொருந்தாது.

சமையல் தராசு தேவையில்லை. மூடியுள்ள டப்பாக்கள் ஏழெட்டு, ஒரு பிரஷர் குக்கர், ஐஸ்பெட்டியின் உறைய வைக்கும் தட்டில் கொஞ்சம் இடம், இவை போதும்.

2. குவளையில் இருப்பதை மாற்றுங்கள்

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. குடிப்பதை மாற்றினால் வயிறு காலியாவதில்லை. அதனால் பசி எதிர்த்து நிற்காது. அதே நேரத்தில் குறைகிற சர்க்கரையோ மிக அதிகம்.

கணக்கைப் பாருங்கள். கெட்டிப்பால் என்று நாம் ஊற்றுவதில் ஏறத்தாழப் பாதி சர்க்கரை. ஒரு மேசைக்கரண்டி சுமார் 20 கிராம் என்றால் அதில் 10 கிராம் சர்க்கரை. ஒரு குவளைக்கு இரண்டு கரண்டி, ஒரு நாளைக்கு மூன்று குவளை என்றாலே 60 கிராம் ஆகிவிடுகிறது. 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு இப்படிச் சேர்க்கப்படும் சர்க்கரை நாளொன்றுக்கு 50 கிராமுக்குக் கீழே இருக்க வேண்டும், 25 கிராமுக்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரு வாய் சோறு உண்பதற்கு முன்பே எல்லை தாண்டியாகிவிட்டது. டப்பாவின் உறையையும் படியுங்கள். பல டப்பாக்களில் ‘கிரிமர்’ என்றுதான் இருக்கும். அதில் செம்பனை எண்ணெய்க் கொழுப்பு கலந்திருக்கும். அதைப் பால் என்று எண்ணிப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்.

கடையில் கேட்கும் முறை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. வெறுமனே ‘தே’ என்றால் கெட்டிப்பால் வந்துவிடும். ‘தே ஓ’வில் பால் இல்லை, ஆனால் சர்க்கரை உண்டு. ‘தே சி’ என்றால் இனிப்பில்லாத ஆவிப்பாலோடு சர்க்கரை தனியாகச் சேரும். எதனோடும் ‘கோசோங்’ சேர்த்தால் சர்க்கரை இல்லை. ஆகவே முதல் இரண்டு வாரம் ‘குராங் மானிஸ்’ (இனிப்புக் குறைவாக), அடுத்து ‘தே சி குராங் மானிஸ்’, பிறகு ‘தே சி கோசோங்’. ஒரே நாளில் கோசோங்குக்குத் தாவினவர்கள் பெரும்பாலும் அதே வாரத்தில் திரும்பிவிடுகிறார்கள். நாக்குக்குச் சில வாரம் கொடுத்தால் பழைய தே தாரேக்கே திகட்டும்.

பலர் இங்கே வழுக்குவது மாற்றுப் பானத்தில். தேநீரைக் குறைத்துவிட்டுப் பொட்டலப் பழச்சாறு, பார்லி, மால்ட் பானம் என்று போவார்கள். சர்க்கரை வேறு வாசலால் உள்ளே வருகிறது. வெயிலில் வேலை செய்கிறவர்களுக்குத் தண்ணீர்தான் பானம். வேலைக்குப் போகும்போதே பெரிய புட்டியில் கொண்டுபோங்கள்.

இன்னொன்று: சாப்பாட்டோடு தேநீர் வேண்டாம், ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதைத் தேநீர் தடுக்கிறது. அதே 2019 ஆய்வின்படி இந்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பத்தில் மூவருக்கு இரத்தசோகை. எந்நேரமும் சோர்வாக இருக்கிறது என்று சொல்லும் பெண்கள் இதை அலட்சியப்படுத்த வேண்டாம்.

3. சம்பள நாளில் வாங்கும் வரிசை

சம்பளம் வந்ததும் பத்துக் கிலோ அரிசி, எண்ணெய், சர்க்கரை, பிஸ்கட் டின் என்று வாங்குவது வழக்கம். பயறும் மீனும் காய்கறியும் ‘பிறகு’. அந்தப் ‘பிறகு’ மூன்றாவது வாரத்தில் வரும்போது கையில் பணம் இருக்காது. அப்போது சாப்பாடு சோறு, தண்ணீர்க் குழம்பு, பொரித்த கருவாடு, அல்லது உடனடி மீ என்று சுருங்கிவிடுகிறது. சத்துக்குறைவு பெரும்பாலான வீடுகளில் மாதக் கடைசியில்தான் நடக்கிறது.

ஆகவே வரிசையைத் திருப்புங்கள். முதலில் கெடாத புரதம்: துவரம்பருப்பு, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, நெத்திலி. இவை மாதம் முழுவதற்கும் ஒரே தடவையில். அடுத்து முட்டை, வாரம் ஒரு தட்டு. அரிசி அதன் பிறகு. சர்க்கரையும் பிஸ்கட்டும் மிச்சப் பணத்தில்.

மீனும் காய்கறியும் வாரத்துக்கு வாரம். காலைச் சந்தையில் கெம்போங் என்று விற்கும் கானாங்கெளுத்தி, செலாயாங், சென்சாரு மூன்றும் விலை குறைந்தவை, சத்தில் குறையாதவை. கானாங்கெளுத்தியில் ஓமேகா-3 கொழுப்பு உண்டு. இதற்காகச் சால்மன் தேடிப் போக வேண்டியதில்லை. கண் பளபளவென்றும் செவுள் சிவப்பாகவும் இருக்க வேண்டும். விரலால் அழுத்திய இடம் உடனே மேலெழ வேண்டும். தகர டப்பா மத்தியும் மோசமில்லை, ஆனால் உப்பு அதிகம். அதைச் சமைக்கும்போது மேலும் உப்புப் போடாதீர்கள்.

சைவ நாட்களுக்குத் தெம்பே, அதாவது புளிக்கவைத்த சோயா அவரைக் கட்டி. நம்மவர்கள் பலர் இதைத் தொடுவதில்லை, ஏனென்று எனக்குப் புரியவில்லை. 100 கிராம் தெம்பேயில் 18 முதல் 20 கிராம் வரை புரதம் இருக்கிறது. மஞ்சள்தூள், மிளகாய்த்தூள் தடவிக் கொஞ்சம் எண்ணெயில் வாட்டினால் வறுவல் மாதிரியே சோற்றுக்குப் பொருந்தும்.

காய்கறியில் கெடும் வேகத்தைப் பார்த்து வாங்குங்கள். கீரையும் கங்கோங்கும் முதல் இரண்டு நாளுக்கு. பயற்றங்காய், வெண்டை, கத்திரிக்காய் நடுவாரத்துக்கு. கோஸ், கேரட், பூசணி கடைசி நாட்களுக்கு. எல்லாவற்றையும் கீரையாக வாங்கிக் குவித்துப் பாதியைக் குப்பையில் போட்டவர்கள் காய்கறி விலை அதிகம் என்று புலம்புவார்கள்.

பொட்டலத்தில் வருவதற்கு ஒரே விதி: உறையின் பின்புறம் உள்ள பொருட்பட்டியலில் எது அதிகமோ அது முதலில் இருக்கும். ‘கோதுமை ரொட்டி’ என்று முன்பக்கம் எழுதியிருந்தாலும் பட்டியல் ‘தெப்போங் கந்தும்’ என்று தொடங்கினால் அது மைதாதான். ‘கந்தும் பெனோ’ என்று தொடங்குவதே முழுக்கோதுமை.

4. வேலியிலும் வாசலிலும் முளைப்பவை

தோட்டத்து ஊரில் வாழ்வதன் பெரிய இலாபம் இதுதான். முருங்கை, பப்பாளி, கொய்யா, வாழை, மரவள்ளி, சயோர் மானிஸ் எல்லாம் லயத்துப் பின்புறத்திலும் புறம்போக்கிலும் காசில்லாமல் கிடைக்கின்றன. முருங்கைக்கீரையை வீசிவிட்டு அதன் தூளை மாத்திரையாக வாங்கிச் சாப்பிடும் விந்தை இப்போதுதான் நடக்கிறது.

ஆனால் பறிப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை சில இருக்கின்றன.

செம்பனை வரிசைகளுக்கு இடையிலும் சாலையோரத்திலும் பறிக்காதீர்கள். அங்கே களைக்கொல்லி அடிக்கிறார்கள். பாராகுவாட் 2020 ஜனவரி முதல் இந்நாட்டில் தடைசெய்யப்பட்டுவிட்டது. ஆனால் வேறு மருந்துகள் தொடர்கின்றன. அடித்த மறுநாள் இலை பச்சையாகவே இருக்கும், பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பூச்சோக் பாக்கு என்னும் பெரணிக் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் எந்தப் பகுதியில் எப்போது மருந்தடித்தார்கள் என்று மண்டோரிடம் (தோட்டத்து மேற்பார்வையாளர்) கேட்டுவிட்டுப் போங்கள். சாக்கடையோரக் கங்கோங்கும் வேண்டாம்.

மரவள்ளிக் கொழுந்தைப் பச்சையாகத் தின்னக் கூடாது. அதில் சயனைடாக மாறும் பொருள் இருக்கிறது. திறந்த பாத்திரத்தில் நிறையத் தண்ணீரில் கால் மணி நேரமாவது கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பிறகு தாளியுங்கள். மூடி போட்டு வேகவைத்து அந்தத் தண்ணீரையே குழம்பாக்குவது தவறு.

சயோர் மானிஸ் சமைத்த கீரையாக நல்லது. சாறு பிழிந்து பச்சையாகக் குடிக்காதீர்கள். 1990களில் தைவானில் உடல் மெலிய என்று அப்படிக் குடித்த பலருக்கு நுரையீரலின் சிறு காற்றுக்குழாய்கள் மீளாதபடி கெட்டுப்போயின. ‘கீரைதானே, எவ்வளவு குடித்தால் என்ன’ என்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

வாசலில் இடம் இருந்தால் பழைய வாளிகளில் தொடங்கலாம். சந்தையில் வாங்கிய கங்கோங்கின் அடித்தண்டை ஒரு சாண் விட்டு வெட்டி ஈரமண்ணில் நட்டால் துளிர்த்துவிடும். முருங்கைக் கொம்பை மழைக்காலத்தில் ஊன்றுங்கள். நட்ட முதல் வாரம் ஆடும் கோழியும் அண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

பழத்துக்கும் இதே வழிதான். கொய்யாவில் ஆரஞ்சை விட அதிக வைட்டமின் சி இருக்கிறது. சாப்பாட்டோடு நாலு துண்டு கொய்யா சாப்பிட்டால் கீரையின் இரும்பு உடலில் நன்றாகச் சேரும். ஆப்பிள் வாங்க முடியவில்லையே என்று வருந்த வேண்டியதில்லை.

5. ஓய்வு நாளில் இரண்டு மணி நேரம் அடுப்படியில்

விடிவதற்கு முன் எழுந்து வேலைக்கு ஓடுகிறவர் அன்றாடம் பயறு ஊறவைத்து வேகவைக்கப் போவதில்லை. அதற்காகத்தான் இந்தப் படி.

முந்திய இரவே கொண்டைக்கடலையையும் தட்டைப்பயற்றையும் ஊறவையுங்கள். மறுநாள் ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குக்கரில் வேகவைத்து, ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று ஆறியதும் உறையவைத்துவிடுங்கள். ராஜ்மா என்னும் சிவப்பு கிட்னி பீன்ஸ் வாங்குகிறவர்கள் அதைத் தளதளவென்று பத்து நிமிடமாவது கொதிக்கவைக்க வேண்டும். அரைவேக்காட்டில் வயிற்றைக் கலக்கிவிடும்.

மீனைக் கழுவி மசாலா தடவி வேளைக்குத் தனித்தனியாகப் பிரித்து உறையவையுங்கள். மொத்தமாக வைத்தால் ஒரு துண்டுக்காக எல்லாவற்றையும் உருக்க வேண்டிவரும். கீரையைக் கழுவி, நீர் வடித்து, துணியில் சுற்றி வையுங்கள். நறுக்குவது சமைக்கும்போதுதான். வெட்டிய இடத்திலிருந்து சத்தும் போகும், கீரையும் அழுகும்.

சோற்றை மட்டும் முன்கூட்டியே வடித்து வெளியே வைக்காதீர்கள். நம் ஊர்ச் சூட்டில் மேசையில் இரவெல்லாம் கிடக்கும் சோற்றில் கிருமி பெருகும். மறுபடி சூடாக்கினாலும் அது உண்டாக்கிய நஞ்சு போகாது. மிஞ்சினால் சீக்கிரம் ஐஸ்பெட்டியில் வையுங்கள்.

6. இப்போது தட்டு

சுகாதார அமைச்சு பரப்பும் ‘சுக்கு-சுக்கு செப்பாரோ’ முறை எளிமையானது. தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு மீன், முட்டை, பயறு போன்றவை, கால் பங்கு சோறு. எல்லாரும் இதைச் சுவரொட்டியில் பார்த்திருக்கிறார்கள். பிழை பரிமாறும் வரிசையில் நடக்கிறது. சோற்றை முதலில் போட்டால் மற்றவற்றுக்கு இடம் இருக்காது. காய்கறியை முதலில் வையுங்கள், அடுத்து மீனோ பயறோ, கடைசியில் சோறு. சாப்பிடுவதும் அதே வரிசையில் என்றால் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறும் வேகம் குறையும்.

உருளைக்கிழங்கு, மரவள்ளிக்கிழங்கு, சோளம் மூன்றும் சோற்றுப் பங்கில் சேர்ந்தவை. சோறும் உருளைக்கிழங்குப் பிரட்டலும் அப்பளமும் வைத்துவிட்டுக் காய்கறி இருக்கிறது என்று சொல்லக்கூடாது.

சாம்பாரைப் புரதமாகக் கணக்கிடுவது இதைவிடப் பரவலான தவறு. 30 கிராம் பருப்பில் சுமார் 7 கிராம் புரதம், ஒரு முட்டையில் 6 கிராம். ஆனால் வீட்டுச் சாம்பாரில் ஒரு கரண்டிக்கு எவ்வளவு பருப்பு விழுகிறது என்று யோசித்துப் பாருங்கள். சாம்பார் இருக்கட்டும், அதோடு கொண்டைக்கடலைச் சுண்டலோ முட்டையோ தெம்பேயோ ஒன்று சேர வேண்டும். வெள்ளிக்கிழமை சைவச் சாப்பாடு பெரும்பாலும் இங்கேதான் மெலிந்துபோகிறது.

கால் பங்கு சோறு என்பதை எல்லார் மீதும் திணிக்க எனக்கு உடன்பாடில்லை. வெயிலில் நாளெல்லாம் செம்பனைக் குலை அறுத்துச் சுமப்பவருக்கும் கணினி முன் உட்கார்ந்திருக்கும் கிராணிக்கும் ஒரே அளவு எப்படிப் பொருந்தும்? உடல் உழைப்பாளி கூடுதல் சோறு சாப்பிடட்டும். ஆனால் அதற்கேற்பக் காய்கறியும் மீனும் கூட வேண்டும், குழம்பு மட்டும் கூடக்கூடாது.

தவிட்டரிசிக்கு மாறுகிறவர்கள் முழுதாக மாறாதீர்கள். மூன்று பங்கு வழக்கமான அரிசிக்கு ஒரு பங்கு தவிட்டரிசி. தவிட்டரிசியை மட்டும் ஒரு மணி நேரம் முன்னதாக ஊறவைத்தால் இரண்டும் சேர்ந்து வேகும். வீட்டில் முணுமுணுப்பு அடங்கிய பிறகு பங்கைக் கூட்டலாம். வாரத்தில் இரண்டு நாள் கேழ்வரகு. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. ஆனால் அதைச் சர்க்கரை போட்ட கஞ்சியாக்காதீர்கள், அடையாகவோ களியாகவோ செய்யுங்கள்.

7. பசியாறலும் வெளிச்சாப்பாடும்

விடியுமுன் கிளம்புகிறவர் வெறும் வயிற்றோடு போகாதீர்கள். ஒரு வாழைப்பழமும் ஒரு அவித்த முட்டையும் போதும். அவற்றை நடந்துகொண்டே தின்னலாம். அது இல்லாவிட்டால் ஒன்பது மணிக்கு வரும் பசி ரொட்டி சானாய்க் கடையில்தான் போய் நிற்கும். வாரம் ஒரு நாள் அங்கே போவதை நான் தடுக்கமாட்டேன். இரண்டு ரொட்டிக்குப் பதில் ஒன்று, கூட ஒரு முட்டை, தேநீர் கோசோங்.

தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் வாங்கினால் பொரித்த கோழியை விட்டுவிட்டு அவித்த முட்டையும் கூடுதல் வெள்ளரிக்காயும் கேளுங்கள். கலப்புச் சோற்றுக் கடையில் தட்டை எடுத்ததும் இரண்டு காய்கறி, பிறகு ஒரு மீன், கடைசியில் பாதிச் சோறு. குழம்பைச் சோற்றின் மேல் ஊற்ற வேண்டாம், ஓரத்தில் போதும். இரவுச் சந்தைக்கு வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

உணவுக்குப் பதிலாகக் குடிக்கும் மாவு டப்பாக்களைத் தெரிந்தவர்கள், உறவினர்கள் மூலம் விற்பது நம் ஊர்களில் பெருகிவிட்டது. ஒரு டப்பாவின் விலையில் எத்தனை தட்டு முட்டையும் எத்தனை கிலோ கெம்போங்கும் வாங்கலாம் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

8. மூன்று மாதம் கழித்து

எச்பிஏ1சி என்னும் சோதனை கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும். அதனால் அதற்கு முன்பே போய்ப் பார்த்து மனம் சோர வேண்டாம். எடையையும் வாரம் ஒரு தடவைக்கு மேல் பார்க்காதீர்கள். நாளுக்கு நாள் அது ஏறி இறங்கத்தான் செய்யும். அதைவிட இடுப்பு அளவு நம்பகமானது.

முதலில் எழுதியது போலவே மறுபடி மூன்று நாள் சாப்பாட்டை அதே நோட்டில் எழுதி, கிளினிக்குக்குப் போகும்போது எடுத்துப் போங்கள். சர்க்கரை இறங்கியிருந்தால் மாத்திரையை நீங்களாகக் குறைக்காமல், நோட்டைக் காட்டி மருத்துவரையே அளவை மாற்றச் சொல்லுங்கள். இறங்கவில்லை என்றால் நோட்டின் முதல் பக்கங்களையும் கடைசிப் பக்கங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலில் என்ன குடித்தீர்கள் என்று எழுதிய இடங்களைப் பாருங்கள்.